ஒயர் அறுந்தால் மோட்டார் நிற்குமா?

சம்ப்பும் மேல்தொட்டியும் உள்ள வீடுகளின் படிக்கட்டுச் சுவரில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலமுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைத் தானாகப் போடுவதும், நிறைந்தால் தானாக நிறுத்துவதும் அதன் வேலை. குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்காக விடியுமுன் எழுந்து, அடிபம்பை அடித்துக் குடம் குடமாகப் பிடித்து வைத்துப் பழகிய பகுதி இது. தொட்டி தானாக நிறைகிறது என்பது இங்கே சிறிய விஷயம் அல்ல.

மணலியில் ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். கணினிக் கட்டுப்பாடு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்தப் பெட்டியைக் காட்டித்தான் விளக்குவேன். ஒரு அளவைத் தொடர்ந்து பார்ப்பது, இருக்கவேண்டிய அளவோடு அதை ஒப்பிடுவது, வித்தியாசத்துக்கு ஏற்ப எதையாவது திறப்பது அல்லது மூடுவது, பிறகு அதன் பலனை மறுபடி அளந்து பார்ப்பது என்கிற இந்தச் சுற்றுதான் வீட்டு ஃபிரிட்ஜிலும், விம்கோ நகர் வரை ஓடும் மெட்ரோ ரயிலிலும், அத்திப்பட்டு அனல் மின்நிலையத்திலும் நடக்கிறது. அளவுகளின் எண்ணிக்கையும் வேகமும்தான் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு நல்லதா, கெட்டதா என்று தீர்மானிக்க நான் கேட்கும் கேள்வி வேறு. எல்லாம் சரியாக இருக்கும்போது அது எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு இரண்டாம் பட்சம். சென்சாரிலிருந்து தகவலே வராமல் போனால் அது என்ன செய்கிறது? மாடிக்குப் போகும் ஒயரை அணில் கடித்துவிட்டால் மோட்டார் நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா? பெட்டி வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி இது.

மலிவான பெட்டிகளில், மேல்தொட்டிக்குள் மூன்று உலோகக் கம்பிகள் தொங்கும். ஒன்று அடிவரை போகும் பொதுக் கம்பி, மற்றொன்று கீழ்மட்டத்துக்கு, மூன்றாவது மேல்மட்டத்துக்கு. தண்ணீர் ஒரு கம்பியைத் தொட்டால் அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். மட்டம் எங்கே இருக்கிறது என்பதைப் பெட்டி அதை வைத்துத்தான் அறிகிறது. தண்ணீர் கீழ்க்கம்பியை விட்டு இறங்கினால் மோட்டார் ஓடத் தொடங்கும், மேல்கம்பியைத் தொட்டால் நிற்கும். இடையில் இடைவெளி வேண்டுமென்றேதான் விடப்படுகிறது. ஒரே மட்டத்தில் போட்டு அதே மட்டத்தில் நிறுத்துவதாக இருந்தால், தண்ணீர் சற்றே தளும்பினாலும் மோட்டார் நின்று நின்று ஓடி, ஸ்டார்ட்டர் தேய்ந்து, கடைசியில் மோட்டாரின் கம்பிச்சுருளே கருகிவிடும். ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் ஒரு வெப்பநிலையில் நின்று, அதைவிடச் சில டிகிரி ஏறிய பிறகே மறுபடி ஓடத் தொடங்குவதும் இதே காரணத்தால்தான்.

வடசென்னையின் நிலத்தடி நீருக்கும் இந்தக் கம்பிகளுக்கும் ஒத்துப்போவதில்லை. மீஞ்சூர் பக்கத்தில் கடல்நீர் நிலத்துக்கடியில் ஊடுருவியிருப்பது பல பத்தாண்டுகளாகப் பேசப்படுகிற விஷயம். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட தண்ணீரில் தொங்கும் கம்பி அரிக்கும். அரிக்காவிட்டால் அதன்மேல் வெள்ளை உப்புப் படிவம் தோலாகப் படரும். மேல்கம்பியில் படிவம் மூடிவிட்டால், தண்ணீர் அதைத் தொட்டாலும் மின்னோட்டம் பாயாது. பெட்டியைப் பொறுத்தவரை தொட்டி இன்னும் நிறையவில்லை. ஒயர் அறுந்தாலும் அதே கதைதான். தகவல் வரவில்லை என்பதை "இன்னும் ஓட்டு" என்று புரிந்துகொள்ளும் பெட்டி அது.

மிதவை சுவிட்ச் வைத்த வகையிலும் இதே வேலைதான் நடக்கிறது, ஆனால் நேர்எதிராக. தண்ணீர் மட்டம் கீழே இருக்கும்வரை சுவிட்ச் மூடியிருந்து, மின்னோட்டம் மாடிக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்கும். திரும்பி வரும்வரைதான் மோட்டார் ஓடும். தொட்டி நிறைந்து மிதவை எழும்பினால் சுற்று அறுபடும், மோட்டார் நிற்கும். ஒயர் துண்டானாலும், ஜாயின்ட் துருப்பிடித்தாலும் சுற்று அறுபடும், மோட்டார் நிற்கும். தொட்டியில் தண்ணீர் ஏறவில்லையே என்று யாராவது மாடிக்குப் போய்ப் பார்ப்பார்கள். தண்ணீர் வராமல் போவது அன்றைக்கே தெரிந்துவிடும் பழுது. நள்ளிரவில் மாடியிலிருந்து வழிவது தெரு முழுக்க ஓடி வீணாகும்வரை தெரியாத பழுது. இரண்டில் ஒன்று நடந்தே தீரும் என்றால் முதலாவதுதான் நடக்கவேண்டும். மிதவையே சிக்கிக்கொள்ளவும் கூடும் என்பதால் அதற்குமேல் ஒரு டைமரும் வேண்டும். தொட்டி நிறைய இருபது நிமிடம் ஆகும் வீட்டில், முப்பது நிமிடம் தாண்டி மோட்டார் ஓடுகிறதென்றால் சென்சார் என்ன சொன்னாலும் நிறுத்திவிடவேண்டும்.

இந்தச் சிந்தனையை எனக்குப் புத்தகம் கற்றுத்தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த டெக்னீசியன் கற்றுத்தந்தார். கன்ட்ரோல் ரூமில் ஒரு டேங்கின் மட்டம் காட்டும் எண் திடீரென்று சிவப்பாகி மின்னத் தொடங்கியது. டேங்கின் அடியில் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தோம். மூடியின் ரப்பர் வெடித்துப் போயிருந்தது. உப்புக்காற்று உள்ளே புகுந்து டெர்மினல்கள் முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மல்டிமீட்டரைத் தொடராக இணைக்கச் சொன்னார்.

"எவ்ளோமா காட்டுது?"

"பூஜ்யம், அண்ணே."

"அப்ப டேங்க்கு காலியா?"

"காலின்னா நாலு காட்டணுமே, அண்ணே."

"அதாம்மா. காலின்னா நாலு. பூஜ்யம்னா நமக்கு ஒண்ணுமே தெர்லன்னு அர்த்தம். டேங்க்கு ரொம்பியும் இருக்கலாம்." ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் இரண்டாவது டெர்மினலை அவர் லேசாகத் தொட்டதும், களிம்புக்குள் இற்றுப்போய் ஒட்டிக்கொண்டிருந்த செப்பு இழை தனியாகக் கழன்று வந்தது.

தொழிற்சாலைகளில் அழுத்தம், வெப்பநிலை, மட்டம், ஓட்டம் ஆகியவற்றை அளக்கும் டிரான்ஸ்மிட்டர்கள், தாங்கள் கண்ட அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக மாற்றி இரண்டு ஒயர்கள் வழியாக அனுப்புகின்றன. டேங்க் காலியாக இருந்தால் 4, பாதி என்றால் 12, முழுமை என்றால் 20. தொடக்கத்தைப் பூஜ்யத்தில் வைக்காமல் நாலில் வைத்தவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்வேன். அந்த நாலு மில்லி ஆம்பியரில்தான் டிரான்ஸ்மிட்டரே உயிர்வாழ்கிறது என்பது ஒரு பயன். அளக்க ஒன்றுமே இல்லாதபோதும் "நான் இருக்கிறேன்" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும் என்பது அதைவிடப் பெரிய பயன். பாட்டி கதை சொல்லும்போது பிள்ளை உம் கொட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று ஏன் சொல்வார்கள்? உம் நின்றுவிட்டால் பிள்ளை தூங்கிவிட்டது என்று தெரியவேண்டும் அல்லவா? நாலு மில்லி ஆம்பியர் அந்த உம். புதிய டிரான்ஸ்மிட்டர்கள் தம் உள்ளே கோளாறு என்று தாமே கண்டுபிடித்தால், மின்னோட்டத்தை 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ வேண்டுமென்றே தள்ளி, "என் கணக்கை நம்பாதே" என்று சொல்லிவிடும்.

இதே நியாயத்தை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ரயில்வேக்காரர்கள் கண்டுகொண்டார்கள். கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் பயணம் செய்பவர்களும், கொருக்குப்பேட்டை கேட்டில் வண்டியை அணைத்துவிட்டு நிற்பவர்களும் அதன் பலனைத் தினமும் அனுபவிக்கிறார்கள்; பெரும்பாலும் திட்டிக்கொண்டே. 1872-இல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட்டில், தண்டவாளத்தின் ஒரு பகுதிக்கு ஒரு முனையிலிருந்து குறைந்த மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. மறுமுனையில் ரிலே என்ற மின்காந்த சுவிட்ச் ஒன்று அந்த மின்சாரத்தால் எழும்பி நிற்கிறது. அது எழும்பி நிற்கும்வரைதான் அந்தப் பகுதி காலி என்று பொருள். ரயில் ஏறியதும் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடுவதால், மின்சாரம் ரிலேவைச் சென்றடையாமல் ரிலே விழுகிறது, சிக்னல் சிவப்பாகிறது. இதில் நான் மிகவும் மதிப்பது இதற்கு அடுத்த பகுதியை. தண்டவாளம் முறிந்தாலும், ஒயர் திருடுபோனாலும், பேட்டரி தீர்ந்தாலும் ரிலே விழத்தான் செய்யும், அதற்கும் சிவப்புதான். பெருமழையில் பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடிப் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறும்போது, மின்சாரம் ஈரத்தின் வழியே கசிந்து ரிலே விழுந்துவிடும். "சிக்னல் கோளாறு" என்ற அறிவிப்பைக் கேட்டுப் பெட்டிக்குள் எல்லோரும் சலித்துக்கொள்கிறோம். உண்மையில் அந்தச் சிக்னல் தன் கடமையைத்தான் செய்துகொண்டிருக்கிறது: முன்னால் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியவில்லை, ஆகவே நில் என்கிறது.

கேட்டுக்கும் அப்படித்தான். இன்டர்லாக் செய்யப்பட்ட கேட் மூடிப் பூட்டப்பட்டது என்ற தகவல் வராமல் ரயிலுக்குப் பச்சை விழாது. ரயில் கடந்தது என்ற தகவல் வராமல் பூட்டு திறக்காது. காத்திருக்கும் நேரம் கொடுமையானது, ஆம்புலன்ஸ் நிற்கும்போது இன்னும் கொடுமையானது. அதற்குத் தீர்வு மேம்பாலமும் சுரங்கப்பாதையும்தானே தவிர, இன்டர்லாக்கைத் தளர்த்துவது அல்ல. இந்த ஏற்பாட்டிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. அதிகம் ரயில் ஓடாத தண்டவாளத்தின் மேற்பரப்பில் துரு படர்ந்தால், சக்கரம் ஏறியும் சுற்று சரியாக இணையாமல், ரயில் இருப்பதே தெரியாமல் போகலாம். கடற்கரைப் பகுதிகளில் இது வெறும் ஏட்டுப் பிரச்சினை அல்ல. மௌனத்தை ஆபத்தாகக் கொள்ளும் அமைப்பைக்கூட, தவறான பேச்சு ஏமாற்றிவிடும்.

லிஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் வடசென்னையிலும் இப்போது அடுக்குமாடிகள் பெருகிவிட்டன, லிஃப்டைக் கண்டு பயப்படும் பெரியவர்களும் நிறைய இருக்கிறார்கள். லிஃப்டின் பிரேக்கைப் பிடித்திருப்பது ஸ்பிரிங். மின்சாரம் அதை விடுவிக்க மட்டுமே பயன்படுகிறது. 2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணை மின்நிலையத்தில் தீப்பிடித்து, சென்னையின் பல பகுதிகள் இருளில் மூழ்கியபோது, மின்சாரம் போன அந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருந்த லிஃப்டை ஸ்பிரிங் பிரேக் பிடித்து நிறுத்தியிருக்கும். உள்ளே மாட்டிக்கொள்வது வேதனைதான். விழுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

கணினி வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது, ஏனென்றால் இப்போது சென்சார் மட்டுமல்ல, முடிவெடுக்கும் மூளையும் உறைந்துபோகலாம். தொழிற்சாலைகளை ஆளும் பி.எல்.சி. என்ற கணினி, 1960களின் இறுதியில் அமெரிக்க மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளின் தேவைக்காகப் பிறந்தது. மாடிகான் 084 அவற்றில் முன்னோடி. ரிலேக்கள் நிறைந்த அலமாரிகளின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. எல்லா உள்ளீடுகளையும் படிப்பது, நிரலை மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டுவது, வெளியீடுகளை எழுதுவது, மறுபடி தொடங்குவது என்று ஒரு சுற்றைச் சில மில்லி நொடிகளில் முடிக்கும். அந்தச் சுற்று குறித்த நேரத்துக்குள் முடியாவிட்டால், வாட்ச்டாக் என்ற தனி டைமர் குறுக்கிட்டு வெளியீடுகளை அணைத்துவிடும். அணைந்தபோது வால்வு திறந்து நிற்கவேண்டுமா, மூடவேண்டுமா என்பதை ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியாக, வரைபடம் போடும்போதே மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். எரிபொருள் வால்வு என்றால் மூடவேண்டும். குளிர்விக்கும் தண்ணீர் வால்வு என்றால் திறக்கவேண்டும். ஸ்பிரிங் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதில் அந்த முடிவு அடங்கியிருக்கிறது. கணினி என்று எல்லோரும் சொல்வதற்குக் கீழே, கடைசிக் காவலாக ஒரு இரும்புச் சுருள் இருப்பது எனக்கு எப்போதும் ஆறுதல் தருகிறது.

சென்சார் பேசுகிறது, உண்மையும் பேசுகிறது, ஆனாலும் அதை அப்படியே நம்பக்கூடாது என்கிற நிலையும் உண்டு. அதை விளக்க, கணினி எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற ரஷ்யாவில் பிறந்த பொறியாளர், கப்பலைத் தானாகத் திசை பிசகாமல் ஓட்டுவது பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். சுக்கான் பிடிக்கும் அனுபவசாலி மூன்றைக் கவனிக்கிறார் என்பது அவருடைய கணிப்பு: இப்போது திசை எவ்வளவு விலகியிருக்கிறது, அந்த விலகல் எவ்வளவு நேரமாகத் தீராமல் சேர்ந்துகொண்டிருக்கிறது, எந்த வேகத்தில் மாறிக்கொண்டிருக்கிறது. காசிமேட்டுத் துறைமுக வாயில் வழியாக விசைப்படகைத் திருப்புகிறவர், முகப்பு நேராவதற்கு முன்பே வீலை எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்குவதைப் பார்த்தவர்களுக்கு மூன்றாவது அளவு புரியும். மினோர்ஸ்கி இந்த மூன்றையும் சமன்பாடாக எழுதினார். 1923-இல் நியூ மெக்ஸிகோ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் சோதித்தும் பார்த்தார்கள். இன்று பி.ஐ.டி. என்று அழைக்கப்படும் அந்தக் கணக்குதான் உலகத் தொழிற்சாலைகளில் பெரும்பாலான வால்வுகளைத் திறந்து மூடுகிறது.

அந்தக் கணக்கு ஏமாறும் இடம் கொதிகலனின் டிரம். அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையத்தின் முதல் கட்டத்தில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று உள்ளன. இந்த வகைக் கொதிகலன்களின் உச்சியில், தண்ணீரும் நீராவியும் பிரியும் உருளைவடிவக் கலன் ஒன்று உண்டு. அதில் தண்ணீர் மட்டம் குறைந்தால் குழாய்கள் காய்ந்து வெடிக்கும், கூடினால் தண்ணீர் டர்பைனுக்குள் போய் இறக்கைகளை நொறுக்கும். ஊரில் மின்தேவை திடீரென்று ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீராவி அதிகமாக உறிஞ்சப்படுகிறது, டிரம்மில் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்ததும் தண்ணீருக்குள் இருக்கும் குமிழிகள் பெருத்து மட்டத்தை உயர்த்துகின்றன. உண்மையில் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கிறது. மீட்டரோ ஏறுகிறது என்கிறது. மட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் கணினி, தண்ணீர் கூடிவிட்டது என்று எண்ணி உள்ளே வரும் தண்ணீரைக் குறைக்கும். செய்யவேண்டியதற்கு நேர்எதிரான செயல் அது. அதனால்தான் மட்டத்தோடு, வெளியேறும் நீராவியையும் உள்ளே வரும் தண்ணீரையும் சேர்த்து மூன்று அளவுகளை வைத்து அங்கே கட்டுப்படுத்துகிறார்கள். இத்தகைய கொதிகலன்களில், ஆபத்தான மட்டத்தில் அலகையே நிறுத்தும் முடிவை ஒற்றை மீட்டரிடம் விடுவதில்லை. மூன்று மீட்டர்களில் இரண்டு ஒப்புக்கொண்டால்தான் நிறுத்தம். ஒன்று பழுதானாலும் வீணாக நிற்காது, ஒன்று பொய் சொன்னாலும் ஆபத்து தப்பிப் போகாது. மூன்றாம் கட்டமாக வந்துள்ள 800 மெகாவாட் அலகில் இந்த டிரம்மே இல்லை. சுமார் 221 பார் அழுத்தத்துக்கு மேல் தண்ணீருக்கும் நீராவிக்கும் இடையே கோடு அழிந்துவிடுவதால், பிரிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

என்னை மிகவும் பாதித்த விபத்து நம் ஊரில் நடந்ததல்ல. 2005 டிசம்பர் 11 அதிகாலை, இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில், 912 என்ற எண்ணுள்ள டேங்கில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மட்டம் காட்டும் மீட்டர் நடுவில் சிக்கிக்கொண்டது. கன்ட்ரோல் ரூம் திரையில் மட்டம் ஏறாமல் அப்படியே நின்றது. எண் இருந்தது, அலாரம் இல்லை, எல்லாம் அமைதி. உச்சமட்டத்தில் தனியாக இயங்கி நிரப்புதலை நிறுத்தவேண்டிய சுவிட்சும் வேலை செய்யும் நிலையில் விடப்படவில்லை. பெட்ரோல் டேங்கின் மேலிருந்து வழிந்து, ஆவியாகிப் பரவி, விடிவதற்குள் வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் எண்ணெய்க் கிடங்குகளின் மதிலை ஒட்டியே குடியிருப்புகள் இருக்கின்றன. டேங்க்குகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அவை மலைபோல் நிலையானவையாகத் தோன்றும். என்னைப் போன்றவர்களுக்கு அவற்றின் உச்சியில் இருக்கும் இரண்டு கருவிகள்தான் கண்ணில் படும். மீட்டர் பூஜ்யம் காட்டினால் அது செத்துவிட்டது என்று தெரியும். உயிரோடு இருப்பதுபோல் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தால் எப்படித் தெரியும்? கேட்டால் தெரியும். பம்ப் ஓடுகிறது, குழாயில் எண்ணெய் வருகிறது, ஆனால் பத்து நிமிடமாக மட்டம் அசையவில்லை என்றால், அந்த இரண்டு தகவல்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று கணினி கூச்சல் போடவேண்டும். நிரலில் இதற்கு வேண்டியது சில வரிகள்தான். உச்சமட்ட சுவிட்சைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை கையால் இயக்கிப் பார்த்துக் கையெழுத்திடுவதும் அவ்வளவு கஷ்டமான வேலை அல்ல.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு சென்சார் அடிக்கடி பொய் அலாரம் கொடுத்தால், உற்பத்தி நிற்கக்கூடாது என்பதற்காக அதன் இரண்டு டெர்மினல்களுக்கும் நடுவே ஒரு துண்டு ஒயரைப் போட்டு இணைத்துவிடும் பழக்கம் எல்லாத் தொழிலிலும் உண்டு. ஜம்பர் என்போம். இணைத்த கணத்திலிருந்து அந்தச் சென்சார் எப்போதும் "எல்லாம் நலம்" என்றே சொல்லும். ஒழுங்கான இடங்களில் அதற்கு எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும், எந்த ஷிப்டில் போட்டது, எப்போது எடுக்கப்படும் என்று பலகையில் எழுதவேண்டும். எழுதாமல் போட்ட ஜம்பர், அடுத்த ஷிப்டில் வருகிறவருக்குத் தெரியாது. வீட்டுப் பெட்டியை மேனுவலில் தள்ளிவிட்டு மறந்துபோவதும் இதே வகைதான். அங்கே இழப்பு தண்ணீரோடு போகிறது.

இவ்வளவும் மதிலுக்கு உள்ளே நடப்பவை. மதிலுக்கு வெளியே இருக்கிறவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் கடலடியில் போடப்பட்ட குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடிவந்தார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த பலரை எழுப்பியது மூக்கைத் துளைத்த நெடிதான். சென்சார் இருக்கிறதா, கணினி இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்திவிடக்கூடாது. அதன் தகவல் யாரிடம் போய்ச் சேருகிறது? கன்ட்ரோல் ரூம் திரையோடு நின்றுவிடும் அலாரம், அந்தக் காற்றைச் சுவாசிக்கப் போகிறவர்களைப் பொறுத்தவரை அறுந்த ஒயர்தான்.

மாசு அதிகமுள்ள 17 வகைத் தொழில்கள், புகைபோக்கியிலும் கழிவுநீரிலும் தொடர்ந்து அளக்கும் கருவிகளைப் பொருத்தி அளவுகளை இணையவழியே அனுப்பவேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. மணலியில் காற்றின் தரத்தைத் தொடர்ந்து அளக்கும் நிலையமும் இருக்கிறது. நாட்டின் காற்றுத்தரக் குறியீட்டு விதிகளில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு: நுண்துகள் உட்படக் குறைந்தது மூன்று மாசுகளுக்குப் போதிய மணிநேரத் தரவு இல்லாவிட்டால், குறியீட்டு எண் கணக்கிடப்படக்கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை அது. ஆனால் செல்போனில் நாம் பார்க்கும் சில செயலிகள், தூரத்து நிலையங்களையும் கணிப்புகளையும் வைத்து அந்த வெற்றிடத்தை நிரப்பி, மணலிக்கென்று ஒரு எண்ணைப் பச்சை நிறத்தில் காட்டிவிடுகின்றன. ஆஸ்துமா உள்ள குழந்தையை வெளியே விளையாட விடலாமா என்று அதைப் பார்த்து முடிவு செய்யும் தாய்க்கு, அந்த எண் அளக்கப்பட்டதா, ஊகிக்கப்பட்டதா என்று தெரிய வழியில்லை. அளக்கப்படாத மணிநேரங்கள் வெறுமையாகவே காட்டப்படவேண்டும், எத்தனை மணிநேரமாக வெறுமை என்பதும் சேர்த்துக் காட்டப்படவேண்டும்.

எண்ணூருக்கும் மணலிக்கும் நான் கேட்பது புதிய தொழில்நுட்பம் எதுவும் அல்ல. மதில் ஓரத்திலும் குடியிருப்பின் விளிம்பிலும் வாயு சென்சார்கள் வேண்டும். அவற்றின் தகவல் நின்றாலே அதையும் அலாரமாகக் கொள்ளவேண்டும். அந்தச் சென்சார்களோடு நேரடியாக இணைந்த சங்கு, குப்பத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். அந்தச் சங்கை வாரம் ஒருமுறை, எல்லோருக்கும் தெரிந்த ஒரே நாளில், ஒரே நேரத்தில் ஊதிப் பார்க்கவேண்டும். பெரம்பூர், புளியந்தோப்புப் பெரியவர்கள் மில் சங்கை வைத்து உலை வைத்ததையும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதையும் இன்றும் சொல்வார்கள். ஒருநாள் சங்கு ஒலிக்காவிட்டால் மில்லில் என்னவோ நடந்திருக்கிறது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஊதாமல் கம்பத்தில் தொங்கும் சங்கு, நாளைக்கு ஊதுமா என்று யாராலும் சொல்லமுடியாது. புதன்கிழமை பத்து மணிக்குச் சங்கு என்று வழக்கமாகிவிட்டால், அது ஒலிக்காத புதன்கிழமையன்று பெரியகுப்பத்துப் பிள்ளைகளே தொழிற்சாலைக்குப் போன் போட்டு, ஒயர் அறுந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று சொல்லிவிடுவார்கள்.